வாயை மூடிக்கொள்ள உனக்கு உரிமை இருந்தது

தம்பி,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், அதுதான் எனக்கு ஆத்திரம். வேலைக்குப் போகிறாய், வருகிறாய், தை மாதக் கல்யாணத்துக்குப் பட்டுவேட்டி எங்கே எடுப்பது என்று உன் அப்பாவிடம் போனில் யோசனை கேட்கிறாய். உன்னோடு ஒரே வீட்டில் இருந்து ஒரே குக்கரில் சோறு வைத்துத் தின்ற சாதிக் இன்றைக்கு ஜெயிலில் கிடக்கிறான். அவன் பேச்சை நான் எடுத்தாலே, "அம்மா, போன்ல இதெல்லாம் பேசாத, கேட்டுட்டு இருப்பாங்க" என்று வைத்துவிடுகிறாய். சரி, போனில் பேசவில்லை. எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை கோபியில் தமிழில் படித்தவன் நீ, படிக்க வராது என்று தப்பிக்க முடியாது. நடுவில் யாராவது பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். தமிழ் தெரிந்த ஆளைத் தேடி அவர்களும் கொஞ்சம் அலையட்டும்.

நடந்ததை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ ஒவ்வொரு தடவையும் அதை எனக்கு ஒவ்வொரு விதமாகச் சொன்னாய். அந்த இரட்டைக் கோபுரம் விழுந்த செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறந்திருந்தது. ஒரு சாயங்காலம் கோட்டுப் போட்ட இரண்டு அதிகாரிகள் உன் அபார்ட்மென்ட் கதவைத் தட்டினார்கள். சாதிக்கின் பெயரைச் சொல்லி, இந்த ஆள் இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டார்கள். அவன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவன் செருப்பு கதவோரம் கிடந்திருக்கும், அவன் சட்டை பாத்ரூமில் காய்ந்துகொண்டிருக்கும். நீ என்ன சொன்னாய்? "இல்லை, இங்கே இல்லை. தபால் வருவதற்கு என் அட்ரஸ் வேண்டும் என்று கேட்டான், கொடுத்தேன். எனக்கு அவனை அவ்வளவாகத் தெரியாது." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நீ முழு ஆளையே மறைத்துவிட்டாய். மறுநாள் அவனை ஆபீஸ் வாசலில் பிடித்து விசாரித்தபோது, அவன் உள்ளதைத்தான் சொன்னான், உன் வீட்டு முகவரியைச் சொன்னான். "அந்த வீட்டில் இருப்பவர் நீ அங்கே இல்லை என்கிறாரே" என்றார்களாம். லீஸ் உன் பெயரில் இருக்கிறது, கிரீன் கார்டு உன்னிடம் இருக்கிறது. உன் பேச்சு எடுபட்டது, அவன் பேச்சு பொய்யானது.

அவன் அங்கே இல்லை என்று என்னிடமே சொல்லிப் பார்த்தாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆகஸ்டில் நான் டெக்சாசில் பிளானோவிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து உன் வீட்டில் தங்கினேனே, யார் அறையில் படுத்தேன்? "ஆன்ட்டி, நீங்க கட்டில்ல படுங்க, எனக்கு சோபாதான் பழக்கம்" என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனவன் யார்? பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்கு என்னை யார் கூட்டிப்போனது? உனக்கு அன்றைக்கு ஆபீசில் சாப்ட்வேர் ரிலீஸ், பெற்றவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக உனக்கு நேரமில்லை. நான் தரிசனம் முடித்துவிட்டு வரும்வரை அவன் கீழே கேன்டீனில் எனக்காகப் புளியோதரை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பெருமாள் நல்லா கவனிச்சாரா ஆன்ட்டி?" என்று கேட்டான். இவனையா உனக்கு அவ்வளவாகத் தெரியாது?

அவன் நம் வீட்டுக்குள் வந்த கதையும் உனக்கு மறந்திருக்கும். கோயம்புத்தூரிலிருந்து உன் மாமா போன் செய்தார். "தங்கச்சி, என் பையன்கூட காலேஜ்ல படிச்சவன் ஒருத்தன் டல்லாசுக்கு வர்றான். பள்ளபட்டிக்காரன், தங்கமான பையன். ஏர்போர்ட்ல அவனுக்கு ஆளில்லை, ரெண்டு வாரம் வச்சுக்க" என்றார். நாம் மட்டும் எப்படி வந்து இறங்கினோம்? ஏர்போர்ட்டில் முன்பின் தெரியாத ஒருவர் நின்றார். அவர் வீட்டு முகவரியில்தான் நம்முடைய முதல் பேங்க் அக்கவுன்ட், உன் அப்பாவின் முதல் லைசென்ஸ். இந்த நாட்டில் நம்மவர்கள் எல்லோருடைய முதல் விலாசமும் இன்னொருவர் வீடுதான். இதை வெளியே ஒரு ஆளிடம் சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பான், நமக்கு அது சாதாரணம். சாதிக்கின் ரெண்டு வாரம் ஒரு கோடை முழுக்க ஆயிற்று, எனக்கும் அவன் பழகிப்போனான். நீ வேலை கிடைத்து நியூ ஜெர்சிக்குப் போனபோது அவனுக்கும் அங்கே ப்ராஜெக்ட் வந்தது. வீடு தேடினது அவன், சாமான் ஏற்றி இறக்கினது அவன். இந்த நாட்டில் கடன் வாங்கிக் கட்டின கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று அவன் பெயரைச் சேர்க்க அபார்ட்மென்ட்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் லீஸ் உன் பெயரில் மட்டும் இருக்கிறது. அவன் வந்து சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வக்கீலம்மா எனக்குப் போன் செய்தார். இந்த மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்குக் காசு வாங்காமல் வாதாடுகிறவர். சாதிக்கின் விசா சரியாக இருக்கிறது, அவன் மேல் வேறு குற்றம் ஒன்றும் இல்லை. இருக்கும் இடத்தைப் பற்றிப் பொய் சொன்னான், ஆகவே வெளியே விட்டால் எங்கே போவானோ தெரியாது. அவனை உள்ளே வைத்திருப்பதற்கு அரசாங்கம் சொல்லும் காரணம் இது ஒன்றுதான். வருகிற செவ்வாய்க்கிழமை ஜாமீன் கேட்டு ஜட்ஜ் முன்னால் போகிறார்கள். அன்றைக்கு நடக்கவில்லை என்றால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாதாம். "நீ அந்த வீட்டில்தான் இருந்தாய் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா" என்று அவனைக் கேட்டிருக்கிறார். அவன் உன் பெயரைச் சொல்லவில்லை, தம்பி. உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நீ சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணியிருக்கிறாய், பிரச்சனை வந்துவிடும் என்றானாம். என் நம்பரைக் கொடுத்திருக்கிறான்.

வக்கீலம்மா இன்னொன்றும் சொன்னார். "உங்கள் மகன் பொய் சொல்லியிருக்கத் தேவையே இல்லை. வக்கீல் இல்லாமல் பேச விரும்பவில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். அவர்களிடம் வாரன்ட் கூடக் கிடையாது." இதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு மடங்கு கோபம். உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது, சரி. பயம் யாருக்கும் வரும். வாயை மூடிக்கொண்டிருக்க உனக்கு உரிமை இருந்ததே! எவனும் உன்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த உரிமையை எடுத்து நீ பயன்படுத்தவில்லை. வாயைத் திறந்தாய், திறந்து ஒரு பொய்யைச் சொன்னாய், அதையும் உன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் தலையில் இறக்கி வைத்தாய்.

உனக்கு அந்த உரிமை தெரியாது என்று மட்டும் சொல்லாதே. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். நானும் உன் அப்பாவும் சிட்டிசன்ஷிப் பரீட்சைக்குப் படித்தபோது நீ காலேஜ் லீவுக்கு வந்திருந்தாய். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பேன், நீ கவுன்ட்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பாய். அரசியல் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்களுக்குப் பேர் என்ன? பில் ஆஃப் ரைட்ஸ். யாருக்கெல்லாம் அது பொருந்தும்? சிட்டிசன்களுக்கு என்றேன். "தப்பு தப்பு! எல்லாருக்கும்மா! சிட்டிசன், நான்சிட்டிசன், இந்த மண்ணுல நிக்கற எல்லாருக்கும்!" என்று கத்தினாய். ஸ்கூலில் டிபேட்டில் கப் வாங்கினவன் அல்லவா, உன் பேச்சுக்கு அடுப்பில் சப்பாத்தி கருகிப்போனது. அரசியல் சட்டத்தை முதலில் எழுதினபோது இந்த உரிமை எதுவும் அதில் இல்லை, ஜனங்கள் சண்டை போட்டு அப்புறம் சேர்த்தார்கள் என்று நீதான் சொன்னாய். தனக்கு எதிராகத் தானே பேசும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஐந்தாவது திருத்தத்தை எனக்கு விளக்கினாய். அடேயப்பா, அன்றைக்கு இருந்த வாய் அக்டோபரில் எங்கே போயிற்று?

அதற்கப்புறம் நான் கோர்ட்டில் மற்ற ஜனங்களோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி டியூட்டிக்குப் போனதும் உனக்குத் தெரியும். நோட்டீஸ் வந்தவுடன் பிளானோவில் நம்மவர்கள் எல்லோரும் எனக்கு ஒரே யோசனை சொன்னார்கள். "இங்கிலீஷ் வராதுன்னு சொல்லிடுங்க, விட்டுடுவாங்க. நாங்கல்லாம் அப்படித்தான்." ஆஸ்பத்திரி லேபில் இத்தனை வருஷமாக இங்கிலீஷில் வேலை பார்க்கிற நான் இங்கிலீஷ் வராது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? போனேன். ஒரு கறுப்பினப் பையன், உன் வயதுதான், யாருடைய டிரக்கிலிருந்தோ சாமான் திருடினான் என்று கேஸ். கடைசிவரை அவன் வாயைத் திறக்கவில்லை. நம் ஊர்க் கணக்கில் பேசாதவன் கள்ளன். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஜட்ஜ் எங்களைப் பார்த்துச் சொன்னார், அவர் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேசவில்லை என்பதை வைத்து அவரைக் குற்றவாளி என்று நீங்கள் நினைக்கவே கூடாது, உள்ளே போய் அதைப் பற்றிப் பேசவும் கூடாது என்று. நிரூபிக்க வேண்டியது அரசாங்கம், அவன் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

தீர்ப்பைப் பேசி முடிவு செய்ய ஜூரி அறைக்குள் போனதும் எங்களில் ஒரு ஆள், "தப்புப் பண்ணலேன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே" என்று ஆரம்பித்தான். எங்களோடு இருந்த ஒரு கறுப்பின அம்மாள் மேஜையைத் தட்டினாள். ஜட்ஜ் சொன்னது உன் காதில் விழவில்லையா என்று கேட்டாள். அவன் அடங்கிப்போனான். சாட்சி சொன்னவர் பார்க்கிங் லாட்டின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தவர், முகம் சரியாகத் தெரியவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். விடுதலை என்று சொன்னோம். வெளியே வரும்போது அந்த அம்மாள் என்னோடு நடந்து வந்தாள். அவளுடைய அப்பாவைக் கிழக்கு டெக்சாசில் ஏதோ ஊரில், அவர் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று ஒத்துக்கொள்ளும்வரை அடித்தார்களாம். நீ சொன்ன அந்தத் திருத்தத்தை எழுதி வைத்து நூற்றைம்பது வருஷம் ஆகியும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய ஜனங்கள் உட்காரக் கூடாது என்ற பஸ் சீட்டில் உட்கார்ந்து, ஹோட்டலில் உட்கார்ந்து, அடி வாங்கி, பிள்ளைகளை ஜெயிலுக்கு அனுப்பி, கோர்ட்டு கோர்ட்டாக ஏறித்தான் காகிதத்தில் இருந்ததைக் கைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஆட்கள் என்னடா என்றால் இங்கிலீஷ் வராது என்று சொல்லித் தப்பிக்க வழி சொல்கிறார்கள்.

உன் அப்பாவிடம் இதையெல்லாம் பேசினால், "நாம படிச்சோம், கூப்பிட்டான், வந்தோம்" என்பார். சும்மாவா கூப்பிட்டான்? நம் மாதிரி ஆட்களை இந்த நாட்டுக்குள் விடாமல் எத்தனையோ காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தவன்தானே! அறுபதுகளில் கறுப்பினத்தவர்கள் தெருவில் இறங்கிப் போராடின அதே சமயத்தில்தான் அந்தக் கதவும் திறந்தது. அவர்கள் தட்டின தட்டில் நமக்கும் சேர்ந்து திறந்தது. நம் பட்டமும் மார்க்கும் அதற்கப்புறம்தான் செல்லுபடியாயிற்று. இது தெரியாமல் நாம் ஏதோ தங்கக் குடத்தில் பிறந்தவர்கள் மாதிரி நடந்துகொள்கிறோம்.

போன மாதம் இங்கே ஒரு கொலுவுக்குப் போயிருந்தேன். நம் சுந்தரம் அங்கிள் சுண்டலைத் தின்றுகொண்டே, "லேடீஸ் எல்லாரும் கொஞ்சம் பெரிசாப் பொட்டு வச்சுக்கங்க. நாம அவங்க இல்லைன்னு தூரத்துலேயே தெரியணும். கார்ல ஒட்டறதுக்கு ஸ்டிக்கர் அடிக்கலாமான்னு கூட யோசிக்கறோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். "என்னன்னு அடிப்பீங்க? எங்களை விட்டுட்டு அவங்களைப் புடிங்கன்னா?" என்று நான் கேட்டேன். தாம்பூலம் வாங்காமல் வந்துவிட்டேன். காரில் உன் அப்பா, "உனக்கு எங்க போனாலும் சண்டைதான்" என்றார். ஆமாம், சண்டைதான். அந்த ஸ்டிக்கரை நம் வீட்டில் ஒருத்தன் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுவிட்டான் என்று எனக்கு அப்போது தெரியாது.

குபெர்டினோவில் நாம் இருந்தபோது பக்கத்து வீட்டில் இருந்த ஜப்பான் ஆன்ட்டியை நினைவிருக்கிறதா? வேலி மேலே தக்காளி மாதிரி இருக்கும் பெர்சிமன் பழம் எடுத்துக் கொடுப்பாரே, நீ பிசுபிசுவென்று தின்றுவிட்டுச் சட்டையில் துடைப்பாயே. அவருக்கு ஜப்பானே தெரியாது. சான் ஹோசேயில் பிறந்தவர், இந்த நாட்டுக் குடிமகள். ஜப்பானோடு சண்டை நடந்த அந்த யுத்த காலத்தில் அவர் ஸ்கூல் பெண். குற்றமில்லை, கேஸ் இல்லை, விசாரணை இல்லை, முகம் ஒன்றுதான் காரணம். குடும்பத்தோடு பெட்டி கட்டச் சொல்லி பஸ்ஸில் ஏற்றி, குதிரை லாயத்தில் கொண்டுபோய்த் தங்க வைத்தார்களாம். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்காமல் சொன்னது ஒன்றே ஒன்று. பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது, எதிர்வீட்டில் அவரோடு ஒன்றாகப் படித்த பெண் ஜன்னலில் நின்றாளாம். இவர் கையை ஆட்டினாராம். அவள் திரையை இழுத்துவிட்டுவிட்டாளாம். நாம் அங்கே இருந்த காலத்தில்தான் அரசாங்கத்திலிருந்து அவருக்கு மன்னிப்புக் கடிதம் வந்தது. அதைக் காட்டினார். "கவர்மென்ட்டே மன்னிப்புக் கேட்டுவிட்டது. அவள் கேட்கவில்லை" என்றார். நீயும் அன்று அந்தச் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தாய். வாய் நிறையப் பழம் வைத்துக்கொண்டு, "ஷி வாஸ் மீன்", அவள் பொல்லாதவள் என்றாய். இன்றைக்கு உன்னைப் பற்றி ஒரு சின்னப் பையன் என்ன சொல்வான் என்று யோசித்துப் பார்.

அரசாங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. பெயரைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறார்கள், குற்றம் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறோம் என்றுகூடச் சில குடும்பங்களுக்குச் சொல்வதில்லை. நான் கையைத் தூக்கிச் சத்தியம் செய்து சேர்ந்த நாடு இது, எனக்குப் பொறுக்குமா? ஆனால் அவர்களுக்கு நான் கடிதம் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்? நீ படிப்பாய். அரசாங்கத்துக்கு அன்றைக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, அதை என் வயிற்றில் பிறந்தவன் வாசலில் நின்று எடுத்துக் கொடுத்தான். அதுதான் என்னைத் தின்கிறது.

நோன்பு ஆரம்பித்துவிட்டது. அவன் பிடிப்பான் என்று உனக்குத் தெரியும், போன வருஷம் நீயும் அவனோடு சேர்ந்து கஞ்சி குடித்துவிட்டு எனக்குப் போன் செய்து ருசி சொன்னவன்தானே. ஜெயிலில் அவன் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சாப்பாடு வருவதில்லையாம். வரும்போது தட்டில் இருப்பது என்ன இறைச்சி என்று தெரியாமல் ரொட்டியை மட்டும் தின்கிறான் என்று வக்கீலம்மா சொன்னார். நேற்று பள்ளபட்டியிலிருந்து அவன் அம்மா எனக்குப் போன் செய்தார்கள். "ஏனுங்கம்மா, சாதிக் போனே பண்றதில்லைங்க. நோன்பு வேற. உடம்புகிடம்பு சரியில்லையாங்க?" நான் மறைக்கவில்லை. பிடித்து வைத்திருக்கிறார்கள், தப்பு ஒன்றும் செய்யவில்லை, வக்கீல் பார்க்கிறார்கள், அவன் அந்த வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்புறம் கேட்டார்கள். "அதுக்கென்னங்கம்மா, உங்க பையன் வந்து சொன்னாப் போதுங்களே. ஒரே வீட்டுல இருக்கற பையன் சொன்னா நம்ப மாட்டாங்களா? உங்க பையன் கூட இருக்கான்ங்கற தைரியத்துலதானுங்க நான் நிம்மதியாத் தூங்குறேன்." நான் என்னடா பதில் சொல்வது? நீயே சொல்.

உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். நீ அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறாய், இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்திருக்கிறீர்கள். "பையனுக்கு சிட்டிசன்ஷிப் இன்டர்வ்யூ வருது, தை மாசம் கல்யாணம், ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வரணும். இப்பப் போய் நான் பொய் சொன்னேன்னு நிக்கச் சொல்றியா? நமக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு? நீ சித்தெ சும்மா இரு" என்கிறார். சும்மா இருப்பதை உங்கள் மகனுக்கு அன்றைக்கே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதுதானே என்றேன். அவர் டிவியை வைத்துக்கொண்டார். அவருக்குப் பயம். பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயந்த ஆளுக்கும் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது என்று இரண்டு இருக்கிறது. கல்யாணம் நிற்கும் என்கிறார். அதற்காக நின்றுபோகிற கல்யாணம் நிற்கட்டும். நாளைக்கு உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் இந்த நாட்டுக்கு உன் விலாசத்தை நம்பித்தான் வந்து இறங்குவாள். இவள் யார் என்று வாசலில் நின்று ஒருவன் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? நான் அவளைப் பெற்றவளாக இருந்தால் உனக்குக் கொடுக்க மாட்டேன்.

இதை ஓவர்நைட் தபாலில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை உன் கைக்கு வரும். அன்றைக்கே ஒரு வக்கீலைப் பிடி. சாதிக்கின் வக்கீல் உனக்குப் பேச முடியாது, உனக்கென்று தனி ஆள் வேண்டும் என்று அவரே சொன்னார், இரண்டு பேரைச் சொல்லியிருக்கிறார், தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். யாரிடமும் நீயாகப் போய் உளறி வைக்காதே, வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு பேசு. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, அவன் என்னோடுதான் இருந்தான் என்று நீயாக முந்திக்கொண்டு சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டாம். உன் சிட்டிசன்ஷிப் தள்ளிப் போகலாம். இல்லை என்றே அவர்கள் சொல்லிவிடலாம். அதைவிட மோசமாகவும் ஆகலாம், வக்கீலம்மா என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான் அழுதுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்மேல் பாசம் இல்லாதவள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டாள், நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் நியூவர்க்கில் வந்து இறங்குகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன், உன் அப்பா வரவில்லை. திங்கட்கிழமை காலையில் வக்கீலம்மா ஆபீசில், ஆகஸ்டில் நான் அந்த வீட்டில் தங்கியதையும் சாதிக் அங்கேதான் குடியிருந்தான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். செவ்வாய்க்கிழமை ஜட்ஜ் கேட்டால் வாயாலும் சொல்வேன். நீ அதற்கு முன்னால் சொல்லிவிட்டால் என் பேச்சு வெறும் துணைக்குத்தான். நீ சொல்லவில்லை என்றால் என் பேச்சு உன்னைத்தான் குத்தும்.

வக்கீலம்மா என்னை மறுபடி மறுபடி கேட்டார். "நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மாட்டேன் என்று ஒரு மனைவி சொல்வதற்கு இங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. கூண்டில் ஏறிவிட்டால் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும்." சொல்கிறேன் என்றேன். "அப்படியானால் அந்த வீட்டில் இருப்பவர் ஏன் அவர் அங்கே இல்லை என்று சொன்னார் என்று அரசாங்க வக்கீல் உங்களைக் கேட்பார்" என்றார். பயந்துபோய்ப் பொய் சொல்லிவிட்டான் என்று சொல்வேன் என்றேன். "அது உங்களுக்கு எப்படித் தெரியும், அவர் உங்களுக்கு யார் என்று கேட்பார்" என்றார்.

நான் பெற்ற பிள்ளை என்று சொல்வேன்.

அம்மா